அழகம்மாள் முதுகில் திருகாணி

16 பிப்ரவரி 2004, திங்கள்

கிளினிக் வாசலில் புதுப் பலகை ஏறிவிட்டது. 'டாக்டர் ரவிசங்கர்' என்பது சின்ன எழுத்தில். 'முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர்' என்பது பெரிய எழுத்தில். பெயிண்டர் தானாகச் செய்த காரியம். நான் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. சாயங்காலம் பத்மாசினி வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "நிபுணரைத் தேடி வர்றவங்களுக்கு உங்க பேரு எதுக்குன்னு விட்டுட்டாங்க போல," என்றாள். மனைவியிடமிருந்து இந்த அளவு பாராட்டே அதிகம் என்று உள்ளே போய்விட்டேன்.

இன்று வந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். பேரையூர்ப் பக்கத்து அழகம்மாள். வயது அறுபத்தாறு என்கிறார் மகன். எழுபதுக்கு மேல் இருக்கும் என்கிறார் அந்த அம்மா. வேனில் கட்டிலோடு ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்புக்கு ஏற்றியபோது முதுகில் மளுக்கென்றதாம். அவ்வளவுதான். விழவில்லை, அடிபடவில்லை. அன்றிலிருந்து படுக்கை. இப்போது இரண்டு காலும் மரத்து, பலம் குறைந்துகொண்டே வருகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பின் நிழல்தான் தெரிகிறது. சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய்ச் சல்லடையாகிவிட்ட எலும்பு. அதில் ஒரு முள்ளெலும்பு நசுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"ஆத்தா நடந்துருமா சார்?" என்றார் மகன் நல்லகாமன்.

அந்த அம்மா என்னைப் பேச விடவில்லை. "நடக்காட்டிப் போகுது. நானா எந்திரிச்சு வெளிக்குப் போயிட்டு வரணும், அம்புட்டுத்தேன். மருமக நல்லவதேன். அதுக்காக அவ கையால கழுவிக்கிட்டுக் கெடக்க முடியாது சாமி."

மகன் தரையைப் பார்த்தார். நிபுணரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

19 பிப்ரவரி, வியாழன்

அறுவை முடிந்தது. நரம்பின் மேலிருந்த பாரத்தை எடுத்துவிட்டேன். நசுங்கிய எலும்புக்கு மேலே இரண்டு முள்ளெலும்பு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்க்ரூ, மொத்தம் எட்டு. எட்டையும் பிணைத்து இரண்டு பக்கமும் கம்பி. எக்ஸ்ரே அவ்வளவு அழகாக இருக்கிறது. மூன்று நாள் பயிற்சி முகாமில் திரையில் காட்டினார்களே, அதே மாதிரி. அந்த முகாமின் சான்றிதழ்தான் கிளினிக்கில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

ஆனால் — எழுதித் தொலைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள் — நல்ல எலும்பில் ஸ்க்ரூ ஏறும்போது கடைசிச் சுற்றுகளில் கை திணறும். இன்று திணறவே இல்லை. டீயில் ஊறிய ரஸ்க்கில் குத்தியது மாதிரி உள்ளே போனது. மேலே இருக்கும் இரண்டும் கடைசி அரைச் சுற்றில் சும்மா சுழன்றன. சுழன்ற மாதிரி இருந்தது. மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஹரிஷ்குமார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "பிடிச்சிருச்சா?" என்றான்.

"பிடிச்சிருச்சு," என்றேன். பலகையில் நிபுணர் என்று போட்டுக்கொண்டு வேறு என்ன சொல்வது?

1 மார்ச்

அழகம்மாள் எழுந்து நின்றார். பெல்ட் கட்டி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. தரையில் உட்காரக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, குனிந்து கூட்டக் கூடாது, துவைக்கக் கூடாது, மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் போடக் கூடாது. ஒன்று விடாமல் சொன்னேன். "அப்ப நான் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்டார். வார்டே சிரித்தது.

12 ஏப்ரல், திங்கள்

எங்கிருந்து தொடங்குவது?

அழகம்மாள் மறுபரிசோதனைக்கு வந்தார். நடந்து வந்தார். கம்பு ஊன்றாமல், மகன் கையைப் பிடிக்காமல், வரவேற்பறையைத் தாண்டி என் அறைக்குள் வந்தார். என் எதிரே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி முன்னால் வந்து நின்றேன். "கட்டில்ல வந்தவங்க, எப்படி நடக்கிறாங்க பாருங்க," என்று அவர்களுக்குக் காட்டினேன்.

"எஞ்சாமி," என்று கையெடுத்துக் கும்பிட்ட அந்த அம்மா, அப்படியே குனிந்து என் காலில் விழுந்தார்.

தடுத்திருக்கலாம். ஒரு எட்டுப் பின்னால் போயிருக்கலாம். எங்கள் ஊரில் டாக்டர் காலில் விழுவது புதிதில்லை. வேண்டாம் வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே டாக்டர் நகராமல் நிற்பதும் புதிதில்லை. "அடடா, என்னம்மா இது," என்றேன். சொல்லிக்கொண்டே பாதம் இரண்டையும் சேர்த்து வைத்தேன், விழுவதற்கு வசதியாக. ஓரக்கண்ணால் பிரதிநிதிகளைப் பார்த்தேன். அவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தேன்!

மளுக்.

எனக்கே கேட்டது. அந்த அம்மா எழவில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். மேல் இரண்டு ஸ்க்ரூவும் எலும்பைப் பிய்த்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டன. முதுகுத் தோலுக்கு அடியில் முண்டு முண்டாகத் தெரிகிறது, விரலால் தொட்டுப் பார்க்கலாம். கால் விரல்கள் இன்னும் அசைகின்றன. இப்படியே விட்டால் எலும்பு மறுபடி சரிந்து நரம்பில் உட்காரும். அப்புறம் கட்டில்தான், சாகிற வரைக்கும்.

குனியாதே, குனியாதே என்று அத்தனை சொன்னேனே, டாக்டர் காலில் விழாதே என்று மட்டும் ஏன் சொல்லவில்லை? ஏன்னா அது குனியிறதுன்னே எனக்குத் தோணல. அது எனக்கு வர்ற மரியாதை. மரியாதைல போயி எவன் முதுகெலும்பைப் பாப்பான்? சீ. வேற எவனும் பாக்க வேணாம்டா, நீ நிபுணன், நீ பாக்கணும்ல.

13 ஏப்ரல்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இருவரும் தனித்தனியாகப் போன் செய்து, "அந்தம்மா எப்படி சார் இருக்காங்க?" என்று விசாரித்தார்கள். நல்ல பிள்ளைகள். இருவரையும் நாடு கடத்த முடிந்தால் நன்றாக இருக்கும்.

14 ஏப்ரல்

தங்கப்பாண்டி வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன். இப்போது பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் வாத்தியார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"இன்னும் பெருசா ஸ்க்ரூ போட்டா?" என்றேன்.

"போடலாம். மரையை ஆழமா வெட்டுன ஸ்க்ரூவா போடு, ஓட்டையைச் சின்னதாப் போடு, ரெண்டு ஸ்க்ரூவையும் நேரா எறக்காம உள்ளாற சாச்சு எறக்கு. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பிடிப்பைக் கூட்டும். ஆனா மரை கவ்வறதுக்கு உள்ள என்னமாச்சும் இருக்கணும்ல மாப்ள? ஒண்ணுமே இல்லாத எடத்துல எதைப் போட்டாலும் அதே கததான்."

உள்ளே நிரப்பலாம். இடுப்பு மூட்டு மாற்றும்போது பயன்படுத்தும் எலும்பு சிமெண்டைக் கொஞ்சம் ஓட்டைக்குள் செலுத்தி, அது இறுகுவதற்குள் ஸ்க்ரூவை இறக்குவது. வெளிநாட்டில் செய்கிறார்கள், சஞ்சிகைகளில் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி. சிமெண்ட் நீர்த்திருந்தால் சல்லடை எலும்பு வழியே ஓடி நரம்பைச் சுடும், ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலை அடைக்கும். கெட்டியாகிவிட்டால் உள்ளேயே போகாது. நடுவில் இருப்பது சில நிமிஷம்.

"கைக்கு வராத வேலையை அந்தம்மா முதுகுலயா பழகப் போற?" என்றான். கல்லூரிச் சோதனைக் கூடத்தில் இரும்புக் கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கும் எந்திரம் இருக்கிறதாம். கம்பிக்குப் பதில் ஸ்க்ரூவை மாட்டினால் எத்தனை கிலோ இழுவைக்குப் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று அளந்துவிடலாம்.

"எலும்புக்கு எங்க போறது?"

"மதுரையில ஆட்டு எலும்புக்கா பஞ்சம்?" என்றான்.

எங்கள் பரம்பரையில் முட்டையைக்கூடத் தொட்டவர்கள் கிடையாது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் பல்லைக் காட்டினான்.

17 ஏப்ரல், சனி

கோரிப்பாளையம் போனேன். தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் சிக்கந்தர் பாய் கடை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எதிர் ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் போய், "முதுகெலும்பு வேணும். வெட்டாம, முழுசா," என்றேன்.

"சூப்புக்கா சார்?"

"இல்ல."

"வைத்தியத்துக்கா?"

"ஆமா," என்றேன். பொய்யில்லையே.

"கிழ ஆடாப் பாத்துக் குடுங்க," என்றதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கிழ ஆடு கேட்டு அவர் கடைக்கு வந்த முதல் மனிதன் நான்தானாம். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க அந்த எலும்பு டாக்டர்ல?" என்றார். நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

19 ஏப்ரல், திங்கள்

கிழ ஆடாக இருந்தாலும் ஆட்டு எலும்பு அழகம்மாள் எலும்பைவிட எவ்வளவோ உறுதி. அதை நலிந்த எலும்பாக்க நீர்த்த அமிலத்தில் ஊறப்போட வேண்டும். கல்லூரியிலிருந்து தங்கப்பாண்டி அமிலம் கொடுத்தான். ஊறப்போட அகலமான பீங்கான் ஜாடி வேண்டும். வீட்டில் ஒன்று இருந்தது. மொட்டை மாடியில், வெயிலில், துணியால் வேடு கட்டி.

வேடு கட்டிய அதே மாதிரி இன்னொரு ஜாடியும் அங்கே இருந்தது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். அதில் பத்மாசினியின் எலுமிச்சை ஊறுகாய். இன்று காலை குலுக்கி வைக்கப் போனவள், தவறான ஜாடியைத் திறந்துவிட்டாள்.

என் மனைவி கோபம் வந்தால் தமிழில் திட்டுவாள். ரொம்பக் கோபம் என்றால் சௌராஷ்டிரத்தில். இன்று சௌராஷ்டிரத்திலும் நான் இதுவரை கேட்காத சொற்கள் வந்தன. இத்தனை வருஷக் குடித்தனத்தில் தாய்மொழியில் இவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. இரண்டு ஜாடியும் குப்பைக்குப் போயின. எலும்பு மட்டும் பிளாஸ்டிக் வாளியில், கார் ஷெட்டில்.

20 ஏப்ரல்

வார்டு ஆயா முத்துத்தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பேரையூர் அம்மா சாப்பிட மாட்டேங்குது சார். தண்ணியும் குடிக்கிறதில்ல. வாய நனைச்சுட்டுக் கீழ வச்சுருது."

போய்க் கேட்டேன். "பசியில்லையாம்மா?"

"பசிக்குது சாமி. தின்னா வெளிக்குப் போகணும்ல. படுத்தமானைக்கு மருமக சட்டியத் தாங்குறா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் தாங்குறா, பாவம். எனக்குச் சங்கட்டமா இருக்கும்னுதேன் திருப்பிக்கிறா. அதுதேன் எனக்குத் தாங்கல."

வெளியே வந்து நின்றேன். என்னை நானே கேலி செய்துகொண்டு இந்த நாட்குறிப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அந்த அம்மா பட்டினி கிடக்கிறது, என் மரியாதைக்காக.

21 ஏப்ரல்

சோதனைக் கூடத்தில் முதல் நாள். நல்ல ஆட்டு எலும்பில் போட்ட ஸ்க்ரூ எண்பது கிலோ இழுத்த பிறகுதான் வந்தது. அமிலத்தில் ஊறியதில் அதே ஸ்க்ரூ, அதே கை — இருபதைத் தொடவில்லை. சத்தம் கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அழகம்மாள் குனிந்தபோது உள்ளே நடந்ததை எந்திரம் மெதுவாக, ஒவ்வொரு கிலோவாக எனக்குக் காட்டியது. தடித்த ஸ்க்ரூ, சாய்த்துப் போட்டது: முப்பது சொச்சம். பரவாயில்லை, ஆனால் போதாது.

23 ஏப்ரல், வெள்ளி

சிமெண்ட் நாள். மாவையும் திரவத்தையும் கலந்து, தோசை மாவுப் பதம் தாண்டிப் பற்பசைப் பதம் வரும்வரை பொறுத்து, சிரிஞ்சில் அடைத்து ஓட்டையில் செலுத்த வேண்டும். இடுப்பு அறுவையில் எத்தனையோ முறை கலந்திருக்கிறேன், எல்லாம் ஏசி அறையில். இங்கே ஏசி கிடையாது, சித்திரை வெயில் தகரக் கூரை வழியே இறங்குகிறது. பதம் வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தங்கப்பாண்டிக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே சிரிஞ்சுக்குள் சிமெண்ட் கல்லாகிவிட்டது. அழுத்த அழுத்த அசையவில்லை. அடுத்த சிரிஞ்சும் அப்படியே.

"பாடம் எடுக்கிறதைக் கொஞ்சம் நிறுத்து மாப்ள," என்றான் அவன். "வாத்தியார் நானு."

திரவத்தை ஐஸில் வைத்து எடுத்துக் கலந்தோம். நேரம் கிடைத்தது. சிமெண்ட் போட்ட ஸ்க்ரூவை எந்திரத்தில் மாட்டினோம். இருபது. நாற்பது. அறுபது. எழுபதைத் தாண்டியதும் பட்டென்று உடைந்தது. உடைந்தது எலும்பு. ஸ்க்ரூ அதன் இடத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் கத்திவிட்டோம். அடுத்த அறையிலிருந்து மாணவர்கள் ஓடிவந்து பார்த்தார்கள். நாற்பது வயது தாண்டிய இருவர், நடுவில் ஆட்டு எலும்பு.

24 ஏப்ரல்

திரும்பத் திரும்பச் செய்தோம். எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. ஒரு டீஸ்பூன்கூட வேண்டாம். ஸ்கூட்டரை எடுத்தால் என் மேல் வீசும் வாடைக்கு நாய்கள் பின்னால் வருகின்றன.

25 ஏப்ரல், ஞாயிறு

அழகம்மாளிடமும் நல்லகாமனிடமும் உட்கார்ந்து பேசினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. இது இறுகினால் பிடிக்கும். ஒழுகி நரம்பைத் தொட்டால் கால் இரண்டும் போய்விடும். உயிருக்கும் ஆபத்து உண்டு. இதைவிடப் பெரிய ஊரில் பழக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அனுப்பி வைக்கவா என்றும் கேட்டேன்.

நல்லகாமன் யோசித்து யோசித்துக் கேட்டார்: "நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க சார்?"

"மனுஷங்களுக்குப் பண்ணல. ஆட்டுக்குப் பண்ணிருக்கேன்."

கட்டிலில் இருந்து அந்த அம்மா கேட்டார்: "ஆடு நடந்துச்சா சாமி?"

"செத்த ஆடும்மா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் முதுகு வலித்து, வலியில் முகம் கோணி, மறுபடி சிரித்தார். "செத்த ஆட்டுக்கே பிடிச்சிருச்சுன்னா உசுரோட கெடக்குறவளுக்குப் பிடிக்காதா? எந்த ஊருக்கும் போகல. நீயே செய்யி." அப்புறம் குரலை இறக்கி, "உங்க கால்ல விழுந்துதேன் கழண்டுபோச்சுன்னு பேசிக்கிறாக. எம்புட்டுக் கூறுகெட்டவ பாருங்க நானு," என்றார்.

"கூறுகெட்டவன் நான்தாம்மா. நான் தள்ளி நின்னிருக்கணும். நீங்க விழுறதைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

இதைச் சொன்னபோது மகன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறு எதுவுமா — எனக்குத் தெரியவில்லை.

29 ஏப்ரல், வியாழன்

பழைய எட்டையும் எடுத்துவிட்டு, இன்னும் ஒரு எலும்பு மேலே ஏறி, தடித்த ஸ்க்ரூ, உள்ளே சாய்த்து. மொத்தம் பத்து. ஒவ்வொரு ஓட்டையிலும் துளி சிமெண்ட். ஹரிஷ்குமார் கையில் கடிகாரத்தோடு "கலந்தாச்சு", "இப்ப போடு", "நிறுத்து" என்று குரல் கொடுத்தான். நான் எக்ஸ்ரே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஏழாவது ஓட்டையில் திரையில் ஒரு கறுப்பு நூல். சிமெண்ட் பின்பக்கமாக, நரம்பு இருக்கும் திசையில், மெல்லிசாக இழுத்துக்கொண்டு போனது. கையை நிறுத்திவிட்டேன். நூலும் நின்றது. தொட்டதா தொடவில்லையா? திரையில் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை, அந்த அம்மா விழிக்கிற வரை.

"பிடிச்சிருச்சா?" என்றான் ஹரிஷ்குமார்.

"தெரியல," என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை.

அவர் விழிக்கும்வரை கால்மாட்டிலேயே நின்றேன். "அம்மா, காலை அசைங்க." ஒன்றும் இல்லை. "அம்மா, கட்டை விரலை மட்டும்." ஒன்றும் இல்லை. அப்போது மயக்கக் குரலில், "எந்தக் காலுடா?" என்றார்.

இரண்டும் அசைந்தன. ஹரிஷ்குமார் எனக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டான்.

2 மே

சித்திரைத் திருவிழாக் கூட்டம். ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனேன். அழகம்மாள் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காபியும் சாப்பிட்டாராம். முத்துத்தாய் வாசலிலேயே நின்று சொன்னார்.

8 மே

வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். மருமகள் எழுந்தார். "நீ இருத்தா, வாரேன்," என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மருமகள், நல்லகாமன், முத்துத்தாய், நான், இரண்டு நர்சுகள் — எல்லாரும் ஒரு கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் தொழிலில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததில்லை. இதை எந்த மாநாட்டில் சொல்வது?

14 ஜூன்

கிளினிக்கில் இன்னொரு பலகை மாட்டினேன்: 'யாரும் டாக்டர் காலில் விழ வேண்டாம்.' முழுக்க முழுக்க மருத்துவ அறிவுரை. விளைவு என்ன? "இம்புட்டுப் பெரிய டாக்டர், என்ன அடக்கம் பாரு," என்று மேலூர்க்காரர் ஒருவர் உருகிப்போய், பலகைக்குக் கீழேயே என் காலில் விழுந்தார். நல்லவேளை, அவருக்கு வெறும் கழுத்து வலி. இப்போது ஒருவர் குனிய ஆரம்பித்தாலே நான் மேஜைக்குப் பின்னால் ஓடிவிடுகிறேன். அதையும் அடக்கம் என்கிறார்கள்.

23 ஆகஸ்ட்

அழகம்மாள் எக்ஸ்ரே. பத்து ஸ்க்ரூவும் போட்ட இடத்தில். ஆனால் கம்பி முடிகிற இடத்துக்கு மேல் உள்ள எலும்பில் ஒரு கீறல், லேசாகத்தான். நான் ஒரு இடத்தைக் கல்லாக்கினேன், பாரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. எலும்பு நலிவுக்கு முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டிய மாத்திரையை இன்றைக்குத்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆறு மாதமாக ஸ்க்ரூவையே முறைத்துப் பார்த்த ஆளுக்கு எலும்பு கண்ணில் படவில்லை.

வெறும் வயிற்றில் சாப்பிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றேன். "நிமிந்துதேன் உக்காந்திருக்கேன். நீங்கதேன் வளைய முடியாமப் பண்ணிப்புட்டீகளே," என்றார்.

5 செப்டம்பர், ஞாயிறு

மருந்துக் கம்பெனி நடத்திய இலவச எலும்புப் பரிசோதனை முகாமைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டார்கள். பத்திரிகைப் படத்துக்காக முதலில் என் குதிகாலை எந்திரத்தில் வைத்தார்கள். எலும்பு பலம் குறைவு என்று வந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடியும் குறைவு. நாள் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து காபி குடித்தால் வேறென்ன வரும்? படம் எடுத்தவர், "சிரிங்க சார்," என்றார். அழகம்மாளின் மேல் எலும்பிலிருந்த கீறல் வளரவில்லை, அதை நினைத்துச் சிரித்தேன்.

12 மார்ச் 2005

மாநாட்டில் கட்டுரை வாசித்தேன். கேள்வி நேரத்தில் வந்த ஒரே கேள்வி: "ஏன் கிழ ஆடு?" தங்கப்பாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். அவன் ஒருவன்தான். அழகம்மாளுக்குப் பிறகு நான் சிமெண்ட் வைத்தவர்கள் நாலு பேர், நாலு பேர் முதுகிலும் ஸ்க்ரூ நிற்கிறது.

21 நவம்பர் 2005, திங்கள்

நல்லகாமன் வந்தார். தலை மொட்டையாக இருந்தது. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "உக்காருங்கண்ணே," என்றேன். அவர் உட்காரவில்லை.

"ஆத்தா போயிருச்சு சார். போன வாரம்."

முதுகா? கீறலா? நான் என்ன செய்யாமல் விட்டேன்?

"ஒண்ணும் படுக்கல சார். காலையில எந்திரிச்சு, அதுபாட்டுக்கு வெளிக்குப் போயிட்டு வந்துச்சு. கை கால் கழுவிட்டு, வாசல்ல கட்டில்ல உக்காந்து வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்துச்சு. மடிச்ச வெத்தலை வாய்க்குப் போகல. நெஞ்சுன்னு சொன்னாக." மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "ஒருநா, ஒருபொழுது யாரும் சட்டி தாங்கல சார்," என்றார்.

நல்லது என்றோ, பாவம் என்றோ ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் கையிலிருந்த மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தார். உள்ளே துணியில் சுற்றி இரண்டு கம்பிகள், அவற்றில் பத்து ஸ்க்ரூ. புகையேறிக் கறுத்திருந்தன. சிமெண்ட் எரிந்து போயிருந்தது.

"காடாத்துக்குப் போனப்ப சாம்பலுக்குள்ள கெடந்துச்சு. எலும்பெல்லாம் தொட்டாப் பொடியாப் போச்சு சார், ஆத்துல கரைக்கக்கூட அம்புட்டு இல்ல. இது மட்டும் அப்புடியே இருந்துச்சு. ஆத்தா முன்னாடியே சொல்லி வச்சிருந்துச்சு. திருகாணியெல்லாம் டாக்டரு சாமான், அவருகிட்டயே குடுத்துரு, என்னைய மாதிரி எவளுக்காச்சும் ஆகும்னு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆகும்ல சார்?"

ஒரு உடம்பில் இருந்த ஸ்க்ரூவை இன்னொரு உடம்பில் போடக் கூடாது. தீயில் வெந்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதலாம் ஆண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும்.

"ஆகும்ணே," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப வாரேன் சார்," என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கதவு சாத்திய பிறகு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பத்தும் கம்பியோடு இறுகித்தான் இருந்தன. விரலெல்லாம் சாம்பல். அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.